துரை பங்களாவில் நிற்கிற கூர்முனைச் செடி: இது எந்தப் பாம்புக் கற்றாழை?

தோட்டத்து மல்லிகா (சுங்கை சிப்புட், மலேசியா):

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்ல வீட்டு முன்னாலயே சின்னதா செடிக்கடை வெச்சிருக்கேன். பாசார் மாலாம்லயும் (ராத்திரிச் சந்தை) தொட்டி போடுவேன். பாம்புக் கற்றாழை, அதான் நம்ம ஊர் வாயில லிடா ஜின், என் கடையில நல்லா ஓடுற சரக்கு. மஞ்ச ஓரம் போட்டது, குட்டை ரகம், தடி தடியா நின்னு ஜடை பின்னி விக்கிறது, எல்லாம் கைக்குப் பழக்கம். அதனால சாதாரணச் செடியைக் காட்டி 'இது என்னா'ன்னு கேக்க நான் வரல. இந்த ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபட மாட்டேங்குது.

எங்க பழைய தோட்டத்து மேட்டுல துரை பங்களா ஒண்ணு இருக்கு. பால்மரம் போயி செம்பனை வந்துச்சு, இப்ப செம்பனையும் போகப் போகுது. நிலம் கைமாறி, தாமான் (குடியிருப்பு) வரப்போகுதுன்னு பலகை நட்டாச்சு. பங்களாவுக்குக் கூரை பாதிதான் மிச்சம். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழ, சுவரை ஒட்டின மாதிரி ஒரு வரிசை செடி நிக்குது. தண்ணி ஊத்த ஆளில்ல, உரம் வைக்க ஆளில்ல, சுத்தி லாலாங் புல்லு இடுப்பு உசரம். அதுக்கு நடுவுல இது பாட்டுக்கு நிக்குது.

ஜாகாகிட்ட (காவக்காரர்) சொல்லிட்டு உள்ள போய்ப் பார்த்தேன். நெஞ்சு உசரம். இலை ஒவ்வொண்ணும் கெட்டியா, கனமா, பச்சையில கொஞ்சம் சாம்பல் கலந்த நிறம். நம்ம லிடா ஜின்ல இருக்கிற பாம்புக் கோடு ஒண்ணுகூட இல்ல. நுனி ஊசி. சட்டையைத் தாண்டிக் குத்திச்சு. ஓரத்துல செங்காவி நிறத்துல ஒரு கோடு, அதுக்கும் வெளியில வெள்ளையா மெல்லிசா ஒரு தோல், காஞ்சு உரிஞ்சு உரிஞ்சு நிக்குது.

அங்க கெபுன் (தோட்டக்காரர்) வேலை பார்த்த பெரியவர் ஒருத்தர் இன்னும் இருக்காரு, எங்கப்பாவோட கூட்டாளி. அவர்கிட்ட கேட்டேன். "அது துரை கத்தாழை தாயி. ஆப்பிரிக்காவுல காப்பித் தோட்டத்துல இருந்துட்டு இங்க வந்த துரை ஒருத்தரு பொட்டிக்குள்ள துணியில சுத்திக் கொண்டாந்தது. திருடன் ஜன்னல்ல ஏறக் கூடாதுன்னு அங்க நட வெச்சாரு"ன்னாரு. எந்த வருசம்னு அவருக்கு ஞாபகம் இல்ல. பால்வெட்டு காலம், அவ்வளவுதான்.

போன் செயலியில படத்தைப் போட்டா, பக்கவாட்டுல எடுத்த படத்துக்கு அகேவ்ங்குது, மேல இருந்து எடுத்ததுக்கு சோத்துக் கத்தாழைங்குது, இலையை மட்டும் எடுத்தா சிலிண்ட்ரிகாங்குது. ஒரே செடிங்க!

இது காட்டுல தானா முளைக்கிற கிழக்கு ஆப்பிரிக்க ரகமா? பேரு என்னா? மண்தள்ளி வர்றதுக்குள்ள நான் என்னத்தைப் பார்த்து எழுதி வைக்கணும்? படம் போட்டிருக்கேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரவாங் குமார்:

அக்கா, ஜன்னலுக்குக் கீழ நட்டது திருடன் உள்ள வராம இருக்கவா, இல்ல துரை ராத்திரி வெளிய போகாம இருக்கவா? நட வெச்சது துரைசானியா இருந்தா ரெண்டாவதுதான்.

சும்மா சொன்னேன். என் கண்ணுக்கு இது ரயில் கத்தாழை. எங்க பாட்டி ஊர்ல வேலிக்குப் போடுறது.

கிள்ளான் செடிக்கடை:

ரயில் கத்தாழை இல்ல தம்பி, படத்தைப் பெருசு பண்ணிப் பாரு, ஓரத்துல முள்ளே இல்ல.

மல்லிகா அக்கா, அது சாமுராய், குட்டை ரகப் பாம்புக் கற்றாழை. நிழல்ல கெடந்து நீண்டு போயிருக்கு, அவ்வளவுதான். நல்ல வெளிச்சத்துல வெச்சா குட்டையா ஆயிடும். கன்னு 60 வெள்ளிக்கு நான் எடுத்துக்கிறேன், எத்தனை இருந்தாலும் சரி. மத்தவங்ககிட்ட பேசிடாதீங்க.

பீடோர் சர்வேயர்:

மல்லிகாம்மா, பீடோரிலிருந்து எழுதுகிறேன். வேலைக் காலத்தில் சாலை அளக்கக் கென்யா போனவன் நான். மொம்பாசாவிலிருந்து நைரோபிக்குப் போகிற நெடுஞ்சாலையில், வோய்க்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம், முள்காட்டுக்குள் கோல் நட்டுத் திரிந்திருக்கிறேன். அந்தக் காட்டில் நடக்கிறவனுக்குப் பாம்புக் கற்றாழையின் பெயர் தெரியாமல் போகலாம், முழங்காலுக்கு அது நன்றாகத் தெரியும்.

பேரை இப்போதைக்கு விடுங்கள். கிள்ளான் தம்பி சொன்னதையும், செயலி சொன்னதையும், இனி நான் சொல்லப் போவதையும் ஓரமாக வைத்துவிட்டு, செடியை எழுதுங்கள். இந்த இனங்களில் படத்தைப் பார்த்துப் பேர் சொல்கிறவன் பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வான். அதற்குக் காரணம் இருக்கிறது.

ஃபிஷரி என்று ஒரு பாம்புக் கற்றாழை கென்யாவில் உண்டு. இளசில் அது அகலமான இலைகளோடு தரையோடு தரையாகக் கொத்தாக நிற்கும். முற்றிய பிறகு மண்ணுக்குள்ளிருந்து ஒரே ஒரு இலை, கம்பி நட்ட கணக்காக நேரே மேலே வரும். கொத்தும் கம்பும் ஒரே கிழங்கிலேயே நிற்பதைப் பார்க்கலாம். படம் எடுத்தவன் எதை எடுத்தான் என்பதைப் பொறுத்து அது இரண்டு இனமாகிவிடும். மற்ற இனங்களிலும் குட்டி இலை ஒரு மாதிரி, முற்றிய இலை வேறு மாதிரி. தண்ணீர் இல்லாவிட்டால் பள்ளம் ஆழமாகும், நிழலில் இலை நீளும், வெயிலில் நிறம் மாறும்.

பழைய தாவரவியலாளர்களே இதில் திணறியிருக்கிறார்கள். லண்டன் கியூ தாவரத் தோட்டத்து என். ஈ. பிரவுன் 1915ல் பாம்புக் கற்றாழை இனங்கள் எல்லாவற்றுக்குமாக ஒரு முழு ஆய்வு எழுதினார். அவருக்குக் கிடைத்ததில் கணிசமானவை கண்ணாடி வீட்டில் தொட்டியில் வளர்ந்தவை. எந்தக் காட்டிலிருந்து வந்தவை என்ற குறிப்பே இல்லாதவையும் உண்டு. காட்டிலிருந்து காய வைத்து அனுப்பியவர்களும் முழு இலையை அனுப்பவில்லை. இவ்வளவு தடித்த இலையை இரண்டு தாளுக்கு நடுவில் அழுத்திக் காய வைத்துப் பாருங்கள், அப்போது புரியும். நுனி ஒரு துண்டு, பூ ஒரு துண்டு, அதோடு சரி.

சரி, இப்போது நீங்கள் பார்க்க வேண்டியவை. செடிக்கு நேர் மேலே நின்று பாருங்கள். இலைகள் சுற்றிலும் வட்டமாக வருகின்றனவா, இரண்டே வரிசையில் இடமும் வலமுமாக விசிறியாக வருகின்றனவா? இதுதான் முதல் கேள்வி, இதைப் படத்தில் பார்ப்பது கஷ்டம். அடுத்து, இலையின் உள்பக்கத்துப் பள்ளம் அடியில் மட்டும் இருக்கிறதா, நுனிவரை ஓடுகிறதா? கீழே விழுந்த இலை கிடந்தால் நடுவில் வெட்டி, வெட்டுமுகத்தைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். ஓரக் கோடு, நுனி, நீளவாட்டில் கருங்கோடுகள் இருக்கின்றனவா, எல்லாம் எழுதுங்கள். கன்று எப்படி வருகிறது என்பதும் முக்கியம். மண்ணுக்குள் கிழங்கிலிருந்தா, மண்ணுக்கு மேலே ஓடுகிற கொடியிலிருந்தா?

கடைசியாகப் பூ. இப்போது பூ இல்லை என்றால் பழைய பூத்தண்டு காய்ந்து கிடக்கிறதா என்று இலைகளுக்கு நடுவே தேடுங்கள். அது ஒரே தண்டா, கிளை விட்டதா, இல்லை நுனியில் உருண்டையாகத் திரண்டதா? இந்த மூன்றில் எது என்று தெரிந்தாலே பாதி இனங்கள் கழிந்துவிடும்.

ரவாங் தம்பிக்கு ஒரு வார்த்தை. ரயில் கற்றாழைக்கும், நாருக்காக வளர்க்கிற சீசல் கற்றாழைக்கும் சொந்த ஊர் ஆப்பிரிக்காவே இல்லை, மெக்சிகோ. 1893ல் ஹிண்டார்ஃப் என்கிற ஜெர்மானியர் ஃபுளோரிடா வழியாகச் சீசலை இன்றைய தான்சானியாவுக்குக் கொண்டுபோனார். இன்று வோய்க்குப் பக்கத்தில் ம்வாடாட்டேயில் கண்ணுக்கு எட்டுகிற தூரம் சீசல் தோட்டம். சாலைக்கு இந்தப் பக்கம் வரிசை பிடித்து நட்ட மெக்சிகோக்காரன், அந்தப் பக்கம் முள்காட்டில் தானாக நிற்கிற உள்ளூர்க்காரன். வெள்ளைக்காரர்கள் இந்த உள்ளூர்க்காரனைக் காட்டுச் சீசல் என்று கூப்பிட்டதால் வந்த குழப்பம் இன்னும் தீரவில்லை.

தோட்டத்து மல்லிகா:

ஐயா, நீங்க சொன்னபடி போய்ப் பார்த்து எழுதியிருக்கேன். அளவுநாடா, பாராங், என் மகளோட கணக்கு நோட்டு, எல்லாம் கொண்டு போனேன். ஜாகா நான் புதையல் தோண்டுறேன்னு நெனச்சு பக்கத்துலயே நின்னுட்டாரு. கடைசியில நாடாவோட ஒரு முனையை அவருதான் புடிச்சாரு.

இடம்: பங்களாவோட கிழக்குச் சுவரு. செம்மண்ணு, ஆனா சுவரோரம் சுண்ணாம்புக் காரையும் செங்கல் துண்டும் நெறைய விழுந்து மண்ணோட கலந்து கெடக்கு. கூரை இருக்கிற எடத்துல தாழ்வாரம் நல்லா வெளிய நீட்டிட்டு இருக்கு. அதுக்குக் கீழ நிக்கிற செடிக்கு நேர் மழை விழாது. இதை நான் ஏன் சொல்றேன்னா, கூரை விழுந்த பக்கத்துல நிக்கிற செடியெல்லாம் அடி மஞ்சளாகி, தொட்டா கொழகொழன்னு சாயுது, நாத்தம் வேற. தாழ்வாரத்துக்குக் கீழ நிக்கிறது ஒண்ணுகூட அழுகல.

இலை வர்ற விதம்: மேல நின்னு பார்த்துட்டேன். ரெண்டே வரிசை. கோணலே இல்ல. ஒரு இலையோட அடி அடுத்த இலையோட அடியைக் கவ்விட்டு, இடம், வலம், இடம், வலம்னு ஏறிட்டே போகுது. பெரிய செடியில பக்கத்துக்கு 7 இலை. அடி இலைங்க வெளிய சாஞ்சு, மேல உள்ளது நிமிந்து நிக்குது. சின்னச் செடியிலயும் ரெண்டு வரிசைதான், ஆனா இலை குட்டையா, பள்ளம் அகலமா, பார்க்க வேற செடி மாதிரியே இருக்கு. நீங்க சொன்னது அப்பதான் ஒறைச்சுது.

நீளம்: பெரிய இலை 4 அடிக்குக் கொஞ்சம் மேல. பள்ளம் அடியில ஆரம்பிச்சு நுனி வரைக்கும் விடாம ஓடுது. அடியில விரலை உள்ள வைக்கலாம், நுனிகிட்ட நகம்தான் போகும்.

வெட்டுமுகம்: விழுந்து கெடந்த இலையை நடுவுல வெட்டினேன். வட்டமா இல்ல. முதுகு வளைவு, ரெண்டு பக்கமும் தட்டை, மேல பள்ளம். பக்கத்துக்குப் பக்கம் அளந்தா 3 சென்டிமீட்டர் வரல, முன்னுக்கும் பின்னுக்கும் அளந்தா 4 இருக்கு. உள்ள வெளிர்பச்சை, நார் நாரா. ஒடைச்சு இழுத்தா நாரு அறுக்காம நீளமா வருது. வழவழன்னு சோத்துக் கத்தாழைச் சதை இல்ல, மஞ்சப் பாலும் இல்ல.

ஓரம்: பள்ளத்தோட ரெண்டு கரையிலயும் செங்காவிக் கோடு, அதை ஒட்டி வெள்ளைத் தோலு. புது இலையில வெள்ளை ஒட்டிட்டு இருக்கு, பழைய இலையில காகிதமா உரியுது. முள்ளு, பல்லு ஒண்ணும் இல்ல.

முதுகுலயும் பக்கத்துலயும் நீளவாட்டுல கரும்பச்சைக் கோடுங்க இருக்கு. பழைய இலையில நல்லாத் தெரியுது, தடவுனா லேசா குழிஞ்சு இருக்கு. கொழுந்து இலையில தேடித்தான் பார்க்கணும். குறுக்குப் பட்டை எதுவும் இல்ல.

நுனி: கெட்டி முள்ளு, அடி வெளுப்பு, முனை பழுப்பு. என் கட்டைவிரல் சாட்சி.

கன்னு: மண்ணுக்குள்ளதான். சங்குல் (மண்வெட்டி) போட்டு லேசா கிண்டிப் பார்த்தேன், கட்டைவிரலை விடத் தடிச்ச கிழங்கு ஒரு சாண் போயி அங்க கன்னு கெளப்புது. மேல கொடி எதுவும் ஓடல.

பூ: இப்ப இல்ல. ஆனா ஐயா, காஞ்ச தண்டு கெடச்சிடுச்சு! ஒரு பெரிய செடியோட நடுவுல, இலைக்குள்ள சிக்கி, ஈசல் இறகும் சிலந்தி வலையும் மூடிக் கெடந்துச்சு. வெளிய எடுக்கிறப்ப பாதியில ஒடிஞ்சது, ஆனாலும் நல்லாத் தெரியுது. கிளை விட்டிருக்கு. ஒரு கிளை ரெண்டு கிளை இல்ல, கீழ்ப் பாதியில இருந்து மேல வரைக்கும் மாத்தி மாத்திக் கிளை, சில கிளையில இன்னொரு கிளை. கிளை மேல கொஞ்ச தூரத்துக்கு ஒரு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சுலயும் நாலு, அஞ்சு குட்டிக் காம்புக் கட்டை. பூ விழுந்த எடம். என் மக லென்ஸ் வெச்சுப் பார்த்து, எல்லாக் காம்பும் ஒரே எடத்துலதான் ஒடிஞ்சிருக்குன்னு சொன்னா. அதையும் எழுதிக்கிட்டோம். தண்டை பழைய பேப்பர்ல சுத்தி அலமாரி மேல வெச்சிருக்கேன்.

அந்தத் தண்டு நின்ன செடி புது இலை விடல. ஆனா சாகவும் இல்ல, பக்கத்துல கன்னு வெச்சிருக்கு.

இப்பவாவது பேரு சொல்வீங்களா?

ரவாங் குமார்:

அக்கா, என் எஸ்பிஎம் உயிரியல் பேப்பரை நீங்க எழுதியிருக்கலாம்.

பீடோர் சர்வேயர்:

சொல்கிறேன், சொல்கிறேன். இப்படி எழுதினால் பேர் தானாக வந்து உட்காரும்.

ஒவ்வொன்றாகக் கழிப்போம். பல் இல்லை, பூத்த பிறகு செடி முழுசாகச் சாகவில்லை, இலை இரண்டு வரிசை: ரயில் கற்றாழையும் சீசலும் சேர்ந்த அகேவ் போயிற்று. சதையும் மஞ்சள் பாலும் இல்லை: சோற்றுக் கற்றாழை போயிற்று. சிலிண்ட்ரிகாவுக்கும் இலை விசிறியாகத்தான் வரும், செயலி அதில்தான் ஏமாந்திருக்கும். ஆனால் அதன் இலை உருண்டை, பள்ளம் அடியில் கொஞ்சம்தான், பூத்தண்டு கிளைக்காது. அதன் சொந்த ஊரும் அங்கோலா, ஆப்பிரிக்காவின் எதிர்க்கரை. நீங்கள் தொட்டியில் ஜடை பின்னி விற்கிறது அதுதான்.

கென்யாவின் கிழக்கில் பிங்குவிகுலா என்று ஒன்று உண்டு, பீட்டர் பாலி என்கிற தாவரவியலாளர் 1964ல் பேர் வைத்தது. அதற்கும் நுனி முள், இலையும் தடிப்பு. ஆனால் அது மண்ணுக்கு மேலே கொடி விட்டு, கொடி நுனியில் கன்று வைத்து, அந்தக் கன்றிலிருந்து குச்சிக் கால்களாக வேரை இறக்கி நிற்கும். நடக்கிற செடி என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வார்கள். உங்களுடையதில் கொடியே இல்லை. கிர்கியை, தான்சானியாக் கரையிலும் சான்சிபாரிலும் இருப்பது, பூவைத் தண்டு நுனியில் உருண்டையாகத் திரட்டி வைக்கும். இலையும் தட்டை, புள்ளி போட்டது. அதுவும் போயிற்று.

இரண்டு வரிசை, நுனிவரை பள்ளம், பக்கம் தட்டையான வெட்டுமுகம், செங்காவி ஓரத்தில் வெள்ளைத் தோல், கெட்டி முள்நுனி, முதுகில் நீளக் கோடுகள், கிளைத்த பூத்தண்டு. இவ்வளவும் ஒரே செடியில் சேர்ந்து வருவது எரன்பெர்கியைக்குத்தான். சான்செவியேரியா எரன்பெர்கியை.  நீளம் ஐந்தடியைத் தாண்டியும் போகும்.

நான் பார்த்ததைக் கேட்கிறீர்களே, வோய் பக்கத்தில் வருஷத்துக்கு 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. மார்ச்சிலிருந்து மே வரை ஒரு மழை, நவம்பரை ஒட்டி ஒரு மழை, நடுவில் ஒன்றுமில்லை. இலையில்லாத முள்மரங்களுக்கு அடியில் இந்தப் பாம்புக் கற்றாழைகள் மட்டும் பச்சையாக நிற்கும். பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு ராத்திரியில்தான் திறந்து காற்றை வாங்கிக்கொள்ளும், அதனால் தண்ணீர் வீணாவதில்லை. பூவும் ராத்திரியில்தான் விரியும்.

யானைக்கு இது தெரியும். கடித்து மென்று, சாற்றை விழுங்கிவிட்டு, நாரைத் துப்பிவிட்டுப் போகும். துப்பின சக்கை வெயிலில் வெளுத்து, தேங்காய்மட்டை உரித்துப் போட்ட கணக்காகப் பாதை நெடுக உருண்டை உருண்டையாகக் கிடக்கும். எங்கள் ஆட்களில் ஒருவன் அதை யாரோ கயிறு திரித்துவிட்டுப் போட்ட குப்பை என்றே சொல்லிக்கொண்டிருந்தான், யானை எதிரே வந்து நிற்கிற வரைக்கும்.

தெற்கே தான்சானியாவில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கு இருக்கிறதே, 1959ல் மேரி லீக்கி அம்மையார் ஆதிமனித இனத்து மண்டையோடு எடுத்த இடம், அதற்கு அந்தப் பேரே மாசாய் மக்கள் இந்தச் செடியைக் கூப்பிடுகிற பேரிலிருந்து வந்ததுதான். அவ்வளவு நிறைய அங்கே நிற்கிறது.

இன்னொரு சங்கதி. சான்செவியேரியாவைத் தனிப் பேரினமாக வைப்பதைத் தாவரவியலில் இப்போது பலரும் விட்டுவிட்டார்கள். மரபணுவைப் பார்த்து, இவையெல்லாம் டிராசீனா என்கிற பேரினத்துக்குள்தான் அடங்கும் என்று முடிவு செய்து, 2018க்குப் பிறகு பலரும் அப்படியே எழுதுகிறார்கள். உங்கள் செடியின் இன்றைய பேர் டிராசீனா ஹானிங்டோனியை. சீட்டில் இரண்டு பேரையும் எழுதுங்கள். புதுப்பேர் ஆராய்ச்சிக்காரருக்கு, பழையபேர் மற்ற எல்லோருக்கும்.

இப்போது முக்கியமான இடம். இனம் எரன்பெர்கியை என்று நான் தைரியமாகச் சொல்வேன். அது கென்யாவிலிருந்து வந்தது என்று சொல்லமாட்டேன். இந்த இனம் அரேபியாவின் தெற்கு ஓரத்தில் ஆரம்பித்து, சூடான், எரித்திரியா, எத்தியோப்பியா, சோமாலியா வழியாகக் கென்யா, உகாண்டா, வட தான்சானியா வரை நிற்கிறது. எந்த மூலையிலிருந்து எடுத்தார்கள் என்று இலையைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. அது அந்தப் பெரியவர் வாயில்தான் இருக்கிறது. அதனால் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்: காப்பித் தோட்டம், பெட்டி, துணி, ஜன்னல். 'கென்யா எரன்பெர்கியை' என்று நீங்களாகச் சீட்டு எழுதினால், பத்துக் கை மாறியதும் அது உண்மையாகிவிடும். இந்தச் செடிகளின் பேர்கள் கெட்டுப்போனதே அப்படித்தான்.

அடுத்த தடவை பூத்தால் பூவைச் சாராயத்தில் போட்டு, காய்ந்த தண்டையும் சேர்த்து, கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்து உலர்தாவரக் கூடத்தைக் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுத் தோட்டச் செடி என்று ஆர்வம் காட்டாமலும் போகலாம், கேட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்.

தாழ்வாரத்தைப் பற்றி நீங்கள் எழுதினீர்களே, இந்த இழையிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். பேராக்கில் வருஷத்துக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அந்த மழையில் இந்தச் செடி எப்படி இவ்வளவு காலம் நின்றது என்று யோசித்துக்கொண்டே படித்தேன். கூரை காப்பாற்றியிருக்கிறது, சுண்ணாம்புக் காரை வடிகால் கொடுத்திருக்கிறது. நட்ட துரைக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

கிள்ளான் செடிக்கடை:

சர்வேயர் ஐயா, எல்லாம் சரி. சாமுராயும் எரன்பெர்கியைதானே? அப்ப நான் சொன்னது தப்பில்லையே.

பீடோர் சர்வேயர்:

தம்பி, இனம் அதேதான். ஆனால் சாமுராய் என்பது குட்டையாக, தடிப்பாக நிற்கிற ஒரு வடிவத்துக்குக் கடைக்காரர்கள் வைத்த பேர். இது நாலடி. நிழலில் நீண்டது என்கிறீர்கள். நீண்டிருந்தால் இலை மெலிந்து வளைந்திருக்கும், மல்லிகாம்மா அளந்த தடிப்பு வந்திருக்காது. கிழக்குச் சுவர், காலை வெயில் முழுசாகப் படும். சீட்டில் 'சாமுராய்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

தோட்டத்து மல்லிகா:

ரொம்ப நன்றிங்க ஐயா. ரெண்டு பேரையும் நோட்டுல எழுதிட்டேன். பெரியவர்கிட்ட மறுபடி போயி, அவரு பேசுறதை மக போன்ல பதிஞ்சு வெச்சிருக்கா. துரைசானி தான் நட வெச்சதாம், துரை இல்ல. குமாரு, சிரிக்காத.

கிள்ளான் தம்பி, 60 வெள்ளி நல்ல வெலதான், ஆனா மொத்தமா ஒரே கடைக்குத் தர மாட்டேன். ஒரே எடத்துல இருந்தா ஒரு அழுகல் வந்தாலும் எல்லாம் போயிடும். கன்னு கேக்குறவங்களுக்கெல்லாம் பிரிச்சுத் தரேன், காசு வேணாம், ஆனா சீட்டோடதான் தருவேன்: எந்த எடம், யாரு சொன்னாரு, என்னைக்கு எடுத்தது. சீட்டைக் கழட்டிப் போட்டுட்டு வித்தீங்கன்னு தெரிஞ்சா அடுத்த தடவை கடைப்பக்கம் வராதீங்க.

கன்னு வாங்குறவங்க கவனிங்க. கிழங்கை வெட்டின எடம் காயணும், நிழல்ல ஒரு வாரம் அப்படியே போட்டுடுங்க, உடனே நடாதீங்க. கறுப்பு மண்ணு, சாணி உரம் வேண்டாம். ஆத்து மணல் பாதி, செங்கல் ஒடைசல் பாதி, கொஞ்சமா செம்மண்ணு. மழை படாத எடத்துல வைங்க. தண்ணி, தொட்டி சுத்தமாக் காஞ்ச பெறகுதான். நாயி பூனை வளக்குறவங்க எட்டாத எடமாப் பாருங்க, தின்னா வயித்தைக் கலக்கும். கொழந்தை இருக்கிற வீட்டுல நுனி முள்ளை மட்டும் லேசா கத்தரிச்சு விட்டுடலாம், செடிக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அந்த இலை அதுக்கு மேல நீளாது.

ஜாகா ஞாயித்துக்கிழமை கதவு தெறந்து விடுறேன்னு சொல்லிட்டாரு. குமாரு தம்பி, லோரி இருக்குன்னு பீத்திக்கிட்டியே, பசியாறிட்டு ஏழரைக்கெல்லாம் டவுனுக்கு வந்துடு. தடிச்ச கையுறையும் ரெண்டு சங்குலும் கொண்டா. கிழங்கு சுவத்துக்கு அடியிலயே போயிருக்கு, ஒத்த ஆளா என்னால முடியாது.